ஒரு நாள் கோலாலம்பூர்: தண்டவாளம் வகுத்த வழி

1879 பிப்ரவரியில் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கிள்ளானுக்கு வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் அவர். அன்றைக்கு சிலாங்கூரின் தலைநகர் கிள்ளான்தான். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அங்கேதான் இருந்தார். நான்கு ஆண்டு கழித்து வெளிவந்த பயண நூலில் கிள்ளானைப் பற்றி அவர் நல்லபடியாக எழுதவில்லை. கோலாலம்பூருக்கோ அவர் போகவே இல்லை. ஈயக் குழிகளும் அத்தாப்புக் கூரைகளுமாக ஆற்றின் மேல்முகத்தில் கிடந்த அந்த இடம், பொழுதுபோக்காக ஒருவர் பார்க்கப் போகும் ஊராக அப்போது இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். கிள்ளான் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலை விட்டு இறங்குபவர்கள் கிள்ளானைத் தாண்டி நேராகக் கோலாலம்பூருக்கு ஓடுகிறார்கள். டத்தாரான் மெர்டேக்கா, சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், மஸ்ஜிட் ஜாமேக், பாசார் செனி, பழைய ரயில் நிலையம், சாப்பாட்டு நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ், பொழுது மிஞ்சினால் பத்துமலை. காலனிக் கால ஊரை ஒரே நாளில் பார்த்துவிடும் இந்தப் பட்டியலை வகுத்ததில் சுற்றுலாத் துறையின் பங்கைவிட 1886இல் போடப்பட்ட ஒரு ரயில் பாதையின் பங்கு பெரிது. பட்டியலில் இருப்பது எது, விடுபட்டது எது என்று பார்த்தால் இது விளங்கும்.

கதை ஆற்றில் தொடங்குகிறது. 1857இல் கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்கு நடந்தவர்களில் ஒரு மாதத்துக்குள் 69 பேரை மலேரியா கொண்டுபோனது. கோலாலம்பூர் பிறந்தது இப்படித்தான். கோட்டை கட்டவோ கொடி நாட்டவோ யாரும் அங்கே போகவில்லை.

இந்த இடத்தில் கரீபியன் தீவுகளின் பழைய நகரங்களை நினைத்துப் பார்க்கலாம். ஹவானாவும் சான் ஹுவானும் கடலைப் பார்த்து மதில் எழுப்பிக்கொண்ட ஊர்கள். பீரங்கி மேடையில் தொடங்கிப் பேராலயத்தில் முடிப்பது அங்கே வழக்கம். கோலாலம்பூருக்கு மதில் இல்லை, கடலும் இல்லை. அதை வெளியுலகத்தோடு கட்டிப்போட்டது முதலில் ஆறு, பிறகு ரயில்.

1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டு ஜனவரியில் ஊர் தீப்பிடித்து எரிந்தது. டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தை அடித்துக்கொண்டு போனது. 1882இல் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்றார். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே களிமண் கிடைக்கும் இடத்தில் சூளை போட்டார். அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். ஊர்ப்பெயரிலேயே செங்கல் இருந்தும், அங்கே வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்காருபவர்கள் அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

செங்கல்லைவிட அவசரமாக வேண்டியிருந்தது வழி. அதுவரை கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போக, டாமன்சாரா வரை படகில் போய் அங்கிருந்து காட்டுப் பாதையில் நடக்கவோ குதிரை ஏறவோ வேண்டும். 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் பாலம் கட்டி ஆற்றைத் தாண்டினார்கள். 1901இல் கடலோரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்தது. ஈயம் கீழே இறங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய ஆட்கள் மேலே வந்தார்கள். இரண்டுக்கும் அதே தண்டவாளம்தான்.

துறைமுகம் திறந்த சூட்டிலேயே மலேரியா அதை மூடவைக்கப் பார்த்தது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து, புதரை வெட்டி, கொசு முட்டையிடும் தண்ணீரை ஒழித்தார். நோயைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நாலைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. வடிகால் வெட்டி மலேரியாவை அடக்கியதில் உலக அளவில் முன்னோடியான ஊர்களில் ஒன்று கிள்ளான். பார்க்கத் தகுந்த இடம்தான். ஆனால் ஒரு சாக்கடையை யார் படம் பிடிப்பார்கள்?

படம் பிடிக்கும்படியான வேலை கோலாலம்பூரில் நடந்தது. 1894இல் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. ஏ.சி. நார்மன் போட்ட முதல் வரைபடம் ஐரோப்பிய பாணியில் இருந்தது. மாநிலப் பொறியாளர் சார்ல்ஸ் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இஸ்லாமியச் சாயல் வேண்டும் என்றார். ஆர்.ஏ.ஜே. பிட்வெல் முகப்பைத் திரும்ப வரைந்தார். 1897இல் முடிந்தது. சிவப்புச் செங்கல் வரிசைகளுக்கு நடுவே வெள்ளைச் சாந்துப் பட்டை, குதிரை லாட வளைவுகள், தாமிரத் தகடு போர்த்திய குவிமாடங்கள், 41 மீட்டர் மணிக்கூண்டு. உள்ளே போன செங்கல் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம். அன்றைய சுல்தானின் பெயர் அதற்கு வைக்கப்பட்டதோ 1974இல்தான்.

சென்னை உயர்நீதிமன்றத்தைப் பார்த்த கண்ணுக்கு இதில் ஓர் உறவு தெரியும். 1892இல் முடிந்த அதுவும் இந்தோ-சாரசெனிக் குடும்பம்தான். இந்தியாவில் மொகலாயக் குவிமாடத்துக்குப் பின்னால் ஒரு மரபாவது இருந்தது. மலாய் நாட்டில் அதற்கு வேரே இல்லை. ஆட்சி செய்யும் ஊர் முஸ்லிம்களுடையது, ஆகவே கட்டடமும் அப்படித் தோன்றட்டும் என்று வெளியிலிருந்து வந்த அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இன்று மலேசியாவின் அடையாளமாக அஞ்சல் அட்டைகளில் இருப்பது அந்த முடிவுதான்.

ஸ்பூனரின் இன்னொரு முகம் தமிழர்களுக்கு முக்கியமானது. சிலாங்கூருக்கு வருமுன் அவர் இலங்கைப் பொதுப்பணித் துறையில் பல ஆண்டு இருந்தவர். 1901இல் மலாய் மாநிலங்களின் ரயில்வே தலைமை மேலாளரானார். அந்த ரயில்வேயின் நிலைய அதிகாரி, கிராணி, கணக்கர் மேசைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் நிறைந்தது இந்தக் காலத்தில்தான். தண்டவாளத்தில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரே நிறுவனம், ஒரே மொழி, இரண்டு படிக்கட்டு. பிரிக்பீல்ட்ஸ் இந்தப் படிக்கட்டை அப்படியே வரைபடமாக்கிக் காட்டும். ஜாலான் ஸ்காட்டில் 1902இல் தொடங்கிய கந்தசாமி கோவில் நல்லூரை நினைத்து யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமமும் இலங்கைத் தமிழ் இந்துக்களின் முயற்சிதான். அடுத்த தெருவில் சிங்களவர் கட்டிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. தெருவுக்கு ஜாலான் பெர்ஹாலா, அதாவது சிலைத் தெரு, என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகளும் பக்கத்திலேயே இருந்தன.

ஊர்ப் பார்வைக்கு அச்சு வடிவம் வந்தது 1910இல். சி.டபிள்யூ. ஹாரிசன் தொகுத்து, லண்டனில் இருந்த மலாய் மாநிலத் தகவல் நிலையம் வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல் அந்த ஆண்டு வந்தது. எந்த ஊரில் எதைப் பார்ப்பது, எந்த ரயிலில் போவது, காட்டில் எதை வேட்டையாடுவது என்று எல்லாம் அதில் உண்டு. ஏ.பி. ஹப்பக் வரைந்த கோலாலம்பூர் ரயில் நிலையம் முடிந்ததும் அதே 1910. முந்தைய டிசம்பரில்தான் அவருடைய மஸ்ஜிட் ஜாமேக் திறக்கப்பட்டிருந்தது. ஆக, பயணி இறங்க அரண்மனை போன்ற நிலையம், நடந்து போய்ப் பார்க்கக் கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல், திடல், மணிக்கூண்டு, கையில் புத்தகம். இன்றைய ஒரு நாள் சுற்றுலாவின் சட்டகம் அந்த ஓரிரு ஆண்டுகளில் முழுமையாகிவிட்டது. (வெள்ளைக் குடைமாடங்களுக்குக் கீழே நிலையத்தின் இரும்புக் கூரை பனிப்பொழிவைத் தாங்கும்படி கணக்குப் போடப்பட்டது என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். கேட்கச் சுவையான கதை.)

1910இல் இன்னொன்றும் நடந்தது. ஒப்பந்தக் கூலிமுறையில் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஆள் எடுப்பது அந்த ஆண்டோடு நின்றது. கங்காணி முறை மட்டும் 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை தொடர்ந்தது. நிலையத்தில் வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பயணி ரப்பர் தோட்டத்தை வண்டிச் சன்னலில் பார்த்தார். லயத்து வீட்டின் உள்ளே எட்டிப் பார்க்க எந்த நூலும் அவரை அழைக்கவில்லை.

கரீபியனிலும் இதுதான் கதை. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு, 1853இல் மார்டினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள் பிரெஞ்சுக்காரர்கள். மார்டினிக்கின் தலைநகர் ஃபோர்-து-பிரான்சில் பயணிகள் பார்ப்பது பாரிசில் செய்து, பிரித்து எடுத்து வந்து, 1893இல் திறந்த ஷொல்ஷேர் நூலகத்தை. குவாதலூப்பில் மாரியம்மன் ‘மாலியெமேன்’ ஆகி நிற்கும் கோவிலைப் பார்க்க நகரத்தை விட்டுக் கரும்புத் தோட்டப் பக்கம் போயாக வேண்டும்.

தண்டவாளம் ஊருக்கு ஆபத்தையும் கொண்டுவந்தது. ஜப்பானியர் ஆட்சியின் கடைசி மாதங்களில், 1945 மார்ச்சில், நேச நாட்டு விமானங்கள் ரயில்வே முற்றத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது. அந்த இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது.

விடுதலைக்குப் பிறகு பட்டியலின் பொருள் மாறியது. இடங்கள் அவ்வளவாக மாறவில்லை. வெள்ளையர் கிரிக்கெட் ஆடிய பாடாங்கில் 1957 ஆகஸ்ட் 31 பிறக்கும் நள்ளிரவில் யூனியன் ஜேக் இறங்கியது. 1990இல் திடல் டத்தாரான் மெர்டேக்கா ஆனது. 1888இலிருந்து மீனும் காய்கறியும் விற்ற மத்தியச் சந்தையை இடிக்கவிருந்தபோது மரபு காப்போர் குறுக்கே நின்றார்கள். 1986இல் அது பாசார் செனியாக மறுபிறவி எடுத்தது. எல்லாக் கட்டடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாலான் அம்பாங்கின் பொக் ஹவுஸ் மாளிகை இடிக்கப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸின் கணக்கு இன்னும் சிக்கலானது. ரயில்வே முற்றத்தின் மேல் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001இல் திறந்தபோது ஹப்பக்கின் நிலையம் கொமுட்டர் ரயில் நிற்கும் ஒரு சிறு தரிப்பிடமாகச் சுருங்கியது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகள், அலங்கார விளக்குகள், நீரூற்று எல்லாம் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது. இந்தியர் அடையாளத்தைக் கொண்டாட வளைவு கட்டிய கையோடு இந்தியர் நூறாண்டு வாழ்ந்த வீடுகளைத் தரைமட்டமாக்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? விவேகானந்தா ஆசிரம வளாகத்திலும் உயர்மாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானது. அங்கே மக்கள் விழித்துக்கொண்டார்கள். 2016இல் ஆசிரமம் தேசிய மரபுடைமை ஆனது.

பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பார்க்க விரும்புபவருக்குச் செலவு ஒரு கொமுட்டர் டிக்கெட்தான். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் 1886ஆம் ஆண்டின் திசையிலேயே வண்டி கிள்ளானுக்கு இறங்கும். நிலையத்திலிருந்து நடை தூரத்தில் ராஜா அப்துல்லாவின் 1857ஆம் ஆண்டுக் கிடங்கு. அந்தப் பக்கம் ஜாலான் தெங்கு கிளானா: ஐந்தடி நடைபாதையில் தொங்கும் மாலைகள், சேலைக் கடை வாசலில் ஒலிபெருக்கி, முறுக்கு வேகும் எண்ணெய் வாசம், தீபாவளி வந்தால் கால் வைக்க இடமிருக்காது. இந்தத் தெருவுக்குச் சுற்றிலும் ஒரு காலத்தில் தோட்டங்கள். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. தோட்டத்தில் கள்ளுக்கடை கூடாது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும். அரசு படையை இறக்கியது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதனை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒரு நாள் சுற்றுலாக்காரர்களிடம் இந்தச் சைக்கிள் கதையைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது.

ஹாரிசனின் நூலுக்கு முன்பே தமிழர்களுக்கென்று ஒரு நகர்வலமும் இருந்தது. தம்புசாமிப் பிள்ளை 1873இல் அமைத்த மாரியம்மன் கோவில் இன்று ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கிறது. பத்துமலையில் தைப்பூசம் 1892இலிருந்து நடக்கிறது. பூசத்தையொட்டி இரவில் முருகனின் தேர் அந்தக் கோவிலை விட்டுக் கிளம்பி, பழைய கடைவீதிகள் வழியே ஜாலான் ஈப்போவைப் பிடித்து வடக்கே போகிறது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு ஏந்தி நிற்கும் குடும்பங்கள், நடைபாதையில் மலைபோல் உடைந்து கிடக்கும் தேங்காய், அதைக் கூட்டி அள்ளும் நகராண்மைத் தொழிலாளர்கள். தேர் பத்துமலை போய்ச் சேர விடிந்து வெகுநேரம் ஆகிவிடும். 2010 முதல் கொமுட்டர் அதுவரைக்கும் போகிறது. என்றாலும் தேருக்குப் பின்னால் நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.