செத்த ரிமோட்டின் பாஷை

என் பழைய ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் போய்விட்டது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். காப்பாற்றியது, தானே வழக்கொழிந்துபோன இன்னொரு ரிமோட்டின் பாஷை.

1998-ல் பிலிப்ஸ் ப்ரோண்டோ என்ற தொடுதிரை ரிமோட்டைக் கொண்டுவந்தது. எந்தப் பட்டனின் அகச்சிவப்புக் குறியையும் அதில் பதினாறு அடிமான எண்களாக எழுதலாம். முதலில் 0000 என்றால் கற்றுக்கொண்ட குறி. அடுத்து 0073 என்றால் 36 கிலோஹெர்ட்ஸ். பிறகு, விளக்கு எத்தனை துடிப்பு நேரம் எரிந்தது, எத்தனை துடிப்பு நேரம் அணைந்திருந்தது என்ற கணக்கு. 0020 என்றால் 32 துடிப்பு, சுமார் 888 மைக்ரோவிநாடி. கோப்பை மாற்றுவது என்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான்.

2010-ல் பிலிப்ஸ் ப்ரோண்டோவைக் கைவிட்டது. வெறும் எழுத்தாக இருந்ததால் அந்தக் குறிமுறை மட்டும் பிழைத்துக்கொண்டது. யாரோ எப்போதோ பதிந்துவைத்த வரிகளால் நேற்று ஆம்ப்ளிஃபயர் பாடியது. நான் மாற்றிய கோப்பையும் வெறும் எழுத்தாகத்தான் சேமித்திருக்கிறேன்.