கலகமும் கலாசாலையும்

ஜி. யு. போப் தமது திருவாசக மொழிபெயர்ப்பை 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட நகரம் என்ற முறையில் ஆக்ஸ்போர்டின் பெயர் தமிழர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமானதே. அங்கே மாணவனாக வசித்த காலத்தில் நூல்நிலையத்துக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் நடப்பதிலேயே பொழுது கழிந்துவிட்ட எனக்கு, பல்லாண்டுகளுக்குப் பின் பரீட்சை பயம் ஏதுமின்றி மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோதுதான், கார்ஃபாக்ஸ் என்னும் நாற்சந்தியில் நிதானமாக நின்று, அந்தச் சர்வகலாசாலைக்கு இடங்கொடுத்த ஊரின் சரித்திரத்தைச் சிந்திக்க அவகாசம் கிடைத்தது.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை இன்ன நாளில் ஸ்தாபிக்கப்பட்டதென்று சொல்ல இயலாது. பாரிஸில் சென்று படிக்கலாகாதென்று 1167-ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஹென்றி மன்னர் ஆங்கில மாணவர்களுக்குத் தடை விதித்தபின் அங்கே கூட்டம் பெருகிற்று. வந்தவர்கள் மதகுருமாருக்குரிய அந்தஸ்து பெற்றவர்களாகையால் ஊர் நியாயஸ்தலத்துக்குக் கட்டுப்படாதவர்கள். ஊராரோ வீட்டு வாடகையையும் ரொட்டி விலையையும் தம் இஷ்டப்படி நிர்ணயிப்பவர்கள். ஆகவே இரு சாராரும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்யும் மாமியாரும் மருமகளும்போல வாழ்ந்தனர் என்பதில் ஆச்சரியமில்லை.

1209-இல் ஒரு பெண் கொலையுண்டாள். சந்தேகத்துக்குள்ளான மாணவன் தப்பியோடிவிடவே, அவனுடன் குடியிருந்தவர்களைப் பிடித்து ஊரார் தூக்கிலிட்டனர். கொதிப்படைந்த ஆசிரியரும் மாணவரும் ஊரைவிட்டு வெளியேறினர். அவர்களுள் சிலர் சென்று தங்கிய இடமே கேம்பிரிட்ஜ். 1214-இல் போப்பாண்டவரின் பிரதிநிதி அளித்த தீர்ப்பின்படி ஆக்ஸ்போர்டு நகரத்தார் பத்தாண்டுகளுக்கு மாணவர் வாடகையைப் பாதியாகக் குறைக்கவும், ஏழை மாணவர்களுக்கென ஆண்டுதோறும் 52 ஷில்லிங் செலுத்தவும், நிகலஸ் அடியாரின் திருநாளில் 100 ஏழை மாணவர்களுக்கு உணவளிக்கவும் கடமைப்பட்டனர்.

இதனினும் கொடியது 1355 பிப்ரவரி 10-ஆம் தேதி மூண்ட கலகம். நாற்சந்தியின் மூலையில், இன்று ஒரு பாங்குக் கட்டடம் நிற்கும் இடத்தில், ஸ்விண்டில்ஸ்டாக் என்னும் மதுக்கடை 1250 முதல் 1709 வரை இருந்ததென்று சுவரிலுள்ள எழுத்துக்கள் தெரிவிக்கின்றன. அங்கே குடிக்க வந்த இரு மாணவர்கள் திராட்சை மது நன்றாயில்லையென்று குறைகூறி, வாக்குவாதம் முற்றி, அதைக் கடைக்காரன் முகத்திலேயே வீசினார்கள். உடனே ஊராரைத் திரட்ட மார்ட்டின் ஆலய மணியும், மாணவரைத் திரட்ட மேரி ஆலய மணியும் முழங்கின. சுற்றுப்புறக் கிராமத்தாரும் ஆயுதங்களோடு புகுந்தனர். கலகம் அடங்கியபோது மாண்ட மாணவர் 63 பேர் என்பது பரம்பரையாக வழங்கிவரும் கணக்கு.

மன்னர் மூன்றாம் எட்வர்டு சர்வகலாசாலையின் பக்கமே நின்று, சந்தையின் எடைகளையும் அளவைகளையும், ரொட்டி, மது ஆகியவற்றின் தரத்தையும் மேற்பார்க்கும் அதிகாரத்தை அதற்கே வழங்கினார். மேயரும், இரண்டு நகர அதிகாரிகளும், அறுபது பிரஜைகளுமாக 63 பேர் ஆண்டுதோறும் அதே தேதியில் மேரி ஆலயத்துக்குச் சென்று, இறந்தோரின் ஆத்ம சாந்திப் பிரார்த்தனையில் கலந்து, தலைக்கு ஒரு பென்னி காணிக்கை செலுத்த வேண்டும் என்ற பிராயச்சித்தமும் விதிக்கப்பட்டது. பேரன் பேத்தியரும் அவர்தம் சந்ததியாரும் தாம் செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து நடந்த இந்தச் சடங்கு, 1825-இல் மேயர் மறுக்கும்வரை நீடித்தது. 1955-இல், கலகத்தின் அறுநூறாவது நினைவு நாளில், சர்வகலாசாலை மேயருக்குக் கௌரவப் பட்டமும், நகரம் துணைவேந்தருக்குக் கௌரவ நகரப்பிரஜை என்ற சிறப்பும் அளித்துச் சமாதானம் செய்துகொண்டன.

அதற்கு முன்பே ஊரின் தரப்பில் ஒருவர் கணக்கைத் தீர்த்துவிட்டிருந்தார். பதினைந்தாம் வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்தி, சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைப்பைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ், 1913-இல் கௌலியில் மோட்டார் உற்பத்தியை ஆரம்பித்துப் பெருஞ்செல்வராகி, நஃபீல்டு பிரபு என்ற பட்டமும் பெற்று, 1937-இல் சர்வகலாசாலைக்கு ஒரு கலாசாலையையே தானமாகத் தந்தார். அதன் பெயர் நஃபீல்டு கலாசாலை. நகரத்தாரின் காசைப் பிராயச்சித்தமாக வாங்கிப் பழகிய ஸ்தாபனம் அதையே கொடையாகவும் ஏற்றது; வித்தை எந்த ஊரில் செழித்தாலும், அதற்குச் சோறும் கூரையும் கொடுத்தவர்களையும் சேர்த்து எழுதினாலன்றி அதன் சரித்திரம் பூர்த்தியாகாது.