கட்டுப்பாட்டுப் பலபடியாக்கம்: ஆய்வுக்கூட உத்திகள்

கட்டுப்பாட்டுப் பலபடியாக்கம் என்பது பாலிமர் எனப்படும் பலபடிகளின் சங்கிலிகளை வேண்டிய நீளத்தில், ஏறக்குறைய ஒரே சீராக வளர்த்தெடுக்கும் தொகுப்பு முறை. வழக்கமான தனி உறுப்பு (ரேடிக்கல்) வினையில் ஒரு சங்கிலி தோன்றி, வளர்ந்து, முடிந்துபோக ஓரிரு விநாடிகளே ஆகும். அதனால் குட்டையும் நெட்டையுமாகச் சங்கிலிகள் கலந்து கிடைக்கும். எல்லாச் சங்கிலிகளும் ஒரே நீளம் என்றால் எடைப் பரவல் எண் 1. வழக்கமான வினையில் அது 1.5-ஐத் தாண்டும், கட்டுப்பாட்டு முறையில் 1.1 வரை இறங்கும்.

இதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் சிரக்யூஸில் பணியாற்றிய மைக்கேல் ஷ்வார்ட்ஸ். 1956-இல் அவர் வெளியிட்ட சோதனையில், சோடியமும் நாப்தலீனும் சேர்ந்த பச்சைக் கரைசலில் ஸ்டைரீனை விட்டதும் கரைசல் சிவந்தது. ஸ்டைரீன் தீர்ந்த பிறகும் சிவப்பு போகவில்லை. மேலும் ஸ்டைரீன் விட்டால், நின்ற இடத்திலிருந்து சங்கிலி மீண்டும் வளர்ந்தது. இவற்றை ‘உயிருள்ள பலபடிகள்’ என்றார். சிறிது ஈரமோ காற்றோ புகுந்தாலும் சங்கிலி முனை அழிந்துவிடும் என்பதால், வெற்றிடமாக்கி உருக்கி மூடிய கண்ணாடிக் கலங்களில்தான் வேலை நடந்தது. கண்ணாடி ஊதத் தெரியாதவருக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை கடினம்.

1995-இல் கியோட்டோவில் மிட்சுவோ சவாமோட்டோ ரூத்தீனியத்தையும், பிட்ஸ்பர்க்கில் கிரிஸ்டாஃப் மட்யாஷெவ்ஸ்கி செம்பையும் வினையூக்கியாகக் கொண்டு தனி உறுப்பு வினையையே கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தார் கந்தகச் சேர்மங்களைக் கொண்டு ‘ராஃப்ட்’ முறையை வெளியிட்டனர். இவற்றில் சங்கிலி முனை பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடக்கும். இடையிடையே விழித்து, சங்கிலியின் கண்ணிகளாகும் சிறு மூலக்கூறுகளான ஒற்றைப்படிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு மறுபடி உறங்கும். ஈரத்துக்குப் பயப்பட வேண்டிய நிலை போயிற்று.

ஆக்சிஜன் தொல்லை மட்டும் போகவில்லை. தனி உறுப்பைக் கண்டதும் அது பற்றிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாத பெராக்சி உறுப்பாக மாற்றிவிடும். ஆகவே வினைக்கலவையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்ப்பால் வாயுவை இழுத்து, அடைப்பானை மூடி உருகவிடுவார்கள். உருகும்போது கரைந்திருந்த வாயு குமிழியாகக் கிளம்பும். குமிழி வருவது நிற்கும் வரை, பொதுவாக மூன்று நான்கு முறை, இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒரு குடுவைக்கே இவ்வளவு பாடு என்றால், நூறு கலவைகளை ஒரே நாளில் சோதிக்க வழியே இல்லை.

2014-இல் இரண்டு தீர்வுகள் வந்தன. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் சிரில் போயரின் குழு, ஒளியால் இயங்கும் வினையூக்கி ராஃப்ட் வினையை நடத்துவதோடு கரைந்த ஆக்சிஜனையும் தீர்த்துவிடும் என்று காட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்த்தார்கள். குளுக்கோஸைக் கொடுத்தால் அது ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். சர்க்கரை நோயாளிகளின் இரத்தப் பரிசோதனைப் பட்டைகளில் பயன்படுவதும் இதே நொதிதான். ரோபோக்களைப் பற்றி இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. அவை இத்துறையில் தாராளமாகப் புழங்க வழிவிட்டது இந்தத் தீர்வுகளே என்று சொல்லலாம். திறந்த 96 குழித் தட்டில் தானியங்கிப் பிப்பெட் கலவைகளை விட, மேலே ஒளிபடச் செய்தால் போதும். குழிக்கு ஒரு பலபடி கிடைக்கும்.

குறுகிய குழாய் வழியே கலவையை ஓடவிடும் தொடர் ஓட்ட உலை இன்னொரு உத்தி. பெரிய குடுவையில் கலவை கெட்டியாகும்போது வெப்பம் வெளியேறாமல் வினை கைமீறும். மெல்லிய குழாயில் அது உடனே சுவர் வழியே போய்விடும். வினைநேரத்தைப் பம்ப்பின் வேகமே தீர்மானிக்கும். வெளிவாயில் மூலக்கூறு அமைப்பைக் காட்டும், மேசைமேல் வைக்கும் என்.எம்.ஆர். கருவியைப் பொருத்தினால், ஒற்றைப்படியின் இரட்டைப் பிணைப்புக்குரிய சிகரம் தேய்வதை வைத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று அவ்வப்போதே அறியலாம். நிலைக்காந்தத்தில் இயங்குவதால் இக்கருவிக்குத் திரவ ஹீலியம் தேவையில்லை. அளவீட்டைக் கொண்டு கணினியே அடுத்த வெப்பநிலையையும் வேகத்தையும் முடிவு செய்யும் அமைப்புகளும் உண்டு.

தட்டில் நன்றாக நடக்கும் ஒளிவினையை அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்ற முடியாது. நிறமுள்ள கலவையில் ஒளி மேற்பரப்பை ஒட்டியே உறிஞ்சப்பட்டுவிடும், நடுப்பகுதிக்கு எட்டாது. ராஃப்ட் பலபடிகளுக்குக் கந்தகச் சேர்மத்தால் வரும் இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களும் சில வேளை நாற்றமும் உண்டு. நிறமற்ற பொருள் வேண்டுமானால், வினை முடிந்தபின் அந்தச் சங்கிலி முனையைத் தனியே வெட்டி நீக்க வேண்டும்.