துள்ளிசை வந்த வழி



வரலாறு என்றவுடன் அரசரும் கோட்டைகளும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கலியாண வீட்டிலே கைதட்டி ஆடும் துள்ளிசைப் பாட்டுக்கும் வரலாற்றில் இடமுண்டு என்றால் கற்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். வாகரைப் பகுதியிலே அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகிய யான் அவர்களோடு உடன்படுவதற்கில்லை.

1967ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் மூடி புளூஸ் என்னும் இசைக்குழுவினர், கிற்றாரையும் பறையையும் மேனாட்டுச் செவ்வியற் பல்லியத்தோடு இணைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். அதிலுள்ள 'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' என்ற பாட்டு 1972இல் அமெரிக்காவிலே இரண்டாம் இடம்வரை ஏறிற்று. இருவேறு இசை மரபுகள் கூடிய புதுமையை உலகம் வியந்தது. நம் தீவிலோ அத்தகைய கூட்டம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதனைச் செய்தோர் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யை அறியாதார் யார்? சிங்களமும் தமிழும் ஒரே பாட்டிற் கைகோத்து நின்றன. இலங்கை வானொலி அதனைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கொண்டு சென்றது. 1977இல் இளையராஜாவின் இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகப் படத்திலும் அது ஒலித்தது. பாட்டின் பொருள் மிக எளிது. சுராங்கனி என்பவளுக்கு மீன் கொண்டு வந்திருக்கும் செய்தி, அவ்வளவே! அம்பாப் பாட்டோடு கரைவலை இழுத்த எம் ஊரவர்க்கு மீனைப் பாடுவது புதிதன்று. ஆயினும் அத்துள்ளலின் தாளம் அம்பாப் பாட்டினின்று வந்ததன்று. அஃது எங்கிருந்து வந்தது?

பைலா என்ற சொல்லே விடை கூறுகின்றது. ஆடுதல் எனப் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லினின்று பிறந்தது அது. 1505இல் இத்தீவிற் கால்வைத்த போர்த்துக்கீசர் 1628இல் மட்டக்களப்பு வாவியின் புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, ஆயின் மொழி போகவில்லை. போர்த்துக்கீசருக்கும் இந்நாட்டுப் பெண்டிருக்கும் பிறந்த வழியினர் அதனை உருமாற்றிப் பேசினர். ஒல்லாந்தர் காலத்திலும் துறைமுகங்களிற் பலருக்கும் பொதுமொழியாய் நின்றது அதுவே. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொணரப்பட்ட காப்பிரியர் தம் தாளத்தைத் தந்தனர். ஆறு அடிகள் மும்மூன்றாய் விழும் அத்தாளத்திலே பிடிலும் கிற்றாரும் சேர்ந்த ஆடலுக்கு, அம்மக்கள் பெயராலேயே கபிரிஞ்ஞா என்று பெயர் வழங்கிற்று. விலைக்கு விற்கப்பட்ட மனிதரின் தாளமன்றோ இன்று நம் திருமணங்களை மகிழ்விக்கின்றது!

மட்டக்களப்புப் பறங்கியர் இம்மரபை விடாது காத்தனர். தச்சரும் கொல்லரும் இயந்திரம் திருத்துவோருமாய் வாழ்ந்த எளிய மக்கள் அவர்கள். மணவிழாக்களிற் கபிரிஞ்ஞாவை ஆடியே தம் மூதாதையரை நினைத்தனர். ஹியூ நெவில் என்னும் ஆங்கில அதிகாரி 19ஆம் நூற்றாண்டிலே திரட்டிய சுவடிகளுள் இவ்வகைப் போர்த்துக்கீசப் பாடல்களும் உள. அவை இலண்டனில் இருக்கின்றன. எம் மாணவரோ அவற்றின் பெயரைக்கூட அறியார். இது குறித்து எனக்கு வருத்தமுண்டு.

இருபதாம் நூற்றாண்டிலே, காவற்றுறையிற் பணிபுரிந்த வொலி பஸ்தியான்ஸ் இத்தாளத்திற்குச் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பைலாவை நாடறியச் செய்தார். தமிழில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எழுந்தது. பின்னர் மனோகரன் வந்தார். பொப்பிசை தமிழைக் கெடுக்கும் என்று அக்காலத்தே சிலர் கூறினர். அங்ஙனம் கூறியோரும் கதிரையில் அமர்ந்து, சப்பாத்தணிந்து, பாண் உண்டவர்தாம். இம்மூன்று சொற்களும் போர்த்துக்கீசர் தந்தவை என்பதை நினைவூட்டினால் என்ன சொல்வரோ!

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வாகரையையும் அழித்தது, மட்டக்களப்பின் டச்பார்க் கரையில் வாழ்ந்த பறங்கியர் குடியிருப்பையும் அழித்தது. பல உயிர்கள் மாண்டன. எஞ்சியோர் பலர் கடலோரத்தை விட்டு அகன்றனர். அவர்தம் பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்கு இன்று வீட்டுமொழி தமிழே. பழைய கிரியோல் மொழியைச் சரளமாகப் பேசுவோர் முதியோரே. மனோகரனும் 2018இல் சென்னையிற் காலமானார். மட்டக்களப்பிலே பறங்கியர் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்புக் கிடைக்கும் நேயர்கள், விருந்து முடிந்தபின் சற்றே இருந்து பாருங்கள். பிடிற்காரர் கபிரிஞ்ஞாவை எடுப்பது அப்பொழுதுதான்.