ஆப்பிரிக்க ஆய்வு மையங்கள்: தில்லி முதல் சான்சிபார் வரை

ஆப்பிரிக்க நாடுகளின் வரலாறு, அரசியல், பொருளாதாரம், மொழிகள் ஆகியவற்றை ஆராய்ந்து, அந்நாடுகளோடு இந்திய அரசும் தொழில்துறையும் கொள்ளும் உறவுக்குத் துணைநிற்கும் பல்கலைக்கழகத் துறைகளே ஆப்பிரிக்க ஆய்வு மையங்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை, மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையம், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையம் ஆகிய மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் திறந்த வளாகம் இந்த உறவின் புதிய கிளை.

தில்லித் துறை 1955-இல் நேருவின் முனைப்பால் உருவானது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு கூடியது. அன்றைய ஆப்பிரிக்க வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இந்தத் துறையின் துணிவு விளங்கும். சகாராவுக்குத் தெற்கே எத்தியோப்பியா, லைபீரியா, வெள்ளையர் ஆண்ட தென்னாப்பிரிக்கா தவிர எல்லாமே ஏதோ ஓர் ஐரோப்பிய அரசின் உடைமை. கானா விடுதலை பெற்றதே 1957-இல்தான். நாடுகள் பிறக்கும் முன்பே அவற்றைப் படிக்க இந்தியாவில் ஒரு துறை இருந்தது. சுவாகிலி மொழியும் அங்கே கற்பிக்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சந்தையிலும் அலுவலகத்திலும் புழங்கும் மொழியை மாணவர் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் தொலைநோக்குள்ளவர்கள்.

மும்பை மையம் 1971-இல் வந்தது. அந்த நகருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான தொடர்பு பருவக்காற்றைப் போலப் பழையது. குஜராத்தி வணிகர் மோம்பாசாவிலும் சான்சிபாரிலும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தனர். மையம் தொடங்கிய மறு ஆண்டே, 1972 ஆகஸ்டில், உகாண்டாவின் இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். ஓர் ஊரில் நூறாண்டு வணிகம் செய்தும் அவ்வூர் மக்களின் மனக்குறையை அறியாமல் இருந்துவிட முடியும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. பின்னாளில் இந்தியாவில் நடந்த ஆப்பிரிக்க ஆய்வுகளில் புலம்பெயர்ந்தோர் பற்றிய பகுதி பெரிய இடம் பிடித்தது.

இத்தகைய மையம் தொழில்முனைவோருக்கு என்ன பயன் தரும்? எத்தியோப்பியாவின் கம்பெல்லாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். ரோஜா வளர்ப்பில் பெயர் பெற்ற பெங்களூரின் கருத்தூரி நிறுவனம் அங்கே முதலில் 3 லட்சம் ஹெக்டேர் நிலம் கேட்டு, பிறகு 1 லட்சம் ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தது. பாரோ ஆறு ஆண்டுதோறும் பெருகிப் பரவும் தாழ்நிலம் அது. 2011-இல் வந்த வெள்ளம் மக்காச்சோளப் பயிரை அழித்தது. ஆற்றின் போக்கும் மேய்ச்சல் உரிமையும் அங்கு வாழும் அனுவாக், நூவர் மக்களுக்குத் தெரியும். ஒப்பந்தத் தாளில் அவை இல்லை. 2015 டிசம்பரில் எத்தியோப்பிய அரசு குத்தகையை ரத்து செய்தது. ஆற்றுப் படுகையையும் மக்களின் நில உரிமையையும் பற்றிய ஒரு நேர்மையான கள ஆய்வு, அந்தக் குத்தகைக்கு முன்பே கையில் இருந்திருக்க வேண்டும்.

சட்டம் இன்னொரு பெரிய பாடம். ஆப்பிரிக்காவை ஒரே நாடாகப் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. அங்கே 54 நாடுகள், அவற்றுக்குள் பல சட்ட மரபுகள். பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் 17 நாடுகள் 'ஒஹாடா' என்ற பொது வணிகச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதற்கான உடன்படிக்கை 1993-இல் மொரீஷியசின் போர்ட் லூயிசில் கையெழுத்தானது. ஐவரி கோஸ்டில் கம்பெனி பதிவு செய்யும் தமிழருக்கு, நைரோபியில் கற்ற ஆங்கிலச் சட்ட அனுபவம் அங்கே கைகொடுக்காது. இவற்றுக்கு மேலே ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி என்ற அமைப்பு 2018-இல் ஒப்பந்தமாகி, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பண்ருட்டி முந்திரித் தொழில் இந்நாடுகளின் சட்ட மாற்றங்களின் அழுத்தத்தை நேரடியாக உணரும். அங்கே உடைக்கப்படும் கொட்டையில் கணிசமான பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. பெனின் அரசு தன் நாட்டிலேயே பதப்படுத்தும் ஆலைகளை வளர்க்க முடிவு செய்து, 2024 ஏப்ரல் முதல் கச்சா முந்திரியின் ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தது. பெனினின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான ஆசை; தன் மண்ணில் விளைந்ததைத் தானே பருப்பாக்கி விற்க எந்த நாடும் விரும்பும். பண்ருட்டிப் பக்கம் நின்றால் அது கொள்முதல் நெருக்கடி. ஒரு கொள்கை சட்டமாவதற்கு முன்பே அதன் வருகையைக் கணித்துச் சொல்வதுதான் ஆய்வு மையத்தின் வேலை. ஆடைத் தொழிலுக்கும் இப்படியே: எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவை நம்பி முதலிட்டவர்கள், அந்நாட்டின் திக்ரே பகுதியில் நடந்த போரின் காரணமாக அமெரிக்கா 2022 ஜனவரி முதல் அதற்கான வரிச்சலுகையை நிறுத்தியபோது திகைத்துப் போனார்கள்.

முதலீடு செய்யப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பழனி மலை நன்றாகவே அறியும். 1983-84 வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. பாண்ட்ஸ் நிறுவனத்தின் அந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. 591 முன்னாள் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தினர் தொடர்பான உடன்பாடு 2016 மார்ச்சில்தான் எட்டப்பட்டது. பாம்பார் சோலைக்கு அருகில் அப்படியொரு ஆலைக்கு அனுமதி தந்தவர்கள் யாரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்ற வேதனை இன்றும் அடங்கவில்லை.

அதே பாதரசம் தென்னாப்பிரிக்காவிலும் இதே போன்ற கதையை எழுதியது. குவாசுலு-நட்டாலின் கேட்டோ ரிட்ஜ் என்ற ஊரில் பிரிட்டிஷ் நிறுவனமான தோர் கெமிக்கல்ஸ் பாதரச ஆலை நடத்தியது. வெளிநாடுகளிலிருந்து பாதரசக் கழிவையும் இறக்குமதி செய்தது. தொழிலாளர்கள் நஞ்சேறி நோயுற்றனர், சிலர் இறந்தனர். அவர்களின் வழக்கு இங்கிலாந்து நீதிமன்றத்தில் நடந்து, 1997-இல் நிறுவனம் இழப்பீடு தர உடன்பட்டது. நச்சுக்கழிவைத் தங்கள் கண்டத்துக்குள் கொண்டுவருவதைத் தடுக்க ஆப்பிரிக்க நாடுகள் 1991-இல் பமாகோ உடன்படிக்கையை ஏற்றன. ஆப்பிரிக்காவில் தொழில் தொடங்க நினைக்கும் தமிழ்நாட்டு நிறுவனம் கொடைக்கானல், கேட்டோ ரிட்ஜ் இரண்டின் கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பது நல்லது. வந்து இறங்கிய தொழிற்சாலையால் துன்பப்பட்ட நாமே, நாளை இன்னொரு மலைக்குத் தொழிற்சாலை கொண்டு போகிறவர்களாகவும் இருக்கக்கூடும்.

ஆப்பிரிக்காவோடு தமிழருக்கு உள்ள உறவு வணிகத்தோடு நின்றுவிடுவதில்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளோடு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள். மொரீஷியசில் தைப்பூசம் அரசு விடுமுறை; கோர் த கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குப் பழனியைப் போலவே படியேறிக் காவடி போகிறது. அதே மொரீஷியசுடன்தான் இந்தியா 2021 பிப்ரவரியில், ஆப்பிரிக்க நாடொன்றோடு தன் முதல் விரிவான வணிக ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது.

2004-இல் ஜொகன்னஸ்பர்க்கில், அகில ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஒரு திட்டத்தை முன்வைத்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் செயற்கைக்கோள், இழைவடம் வழியாக ஆப்பிரிக்காவோடு இணைக்கும் மின்வலையமைப்பு அது. 2009 பிப்ரவரியில் முறையாகத் தொடங்கிய இத்திட்டத்தில் 47 நாடுகள் வரை சேர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தியது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற வழக்கமான ஏற்பாட்டிலிருந்து பெரிதாக விலகவில்லை என்ற குறை இருந்தாலும், பல நாட்டு இளைஞர்களுக்குத் தம் ஊரை விட்டு நகராமலே பட்டம் கிடைத்தது பெரிய காரியம்.

அடுத்த படியாக வளாகமே கடல் தாண்டியது. 2023 ஜூலை 5 அன்று இந்தியக் கல்வி அமைச்சகம், சென்னை ஐ.ஐ.டி., சான்சிபார் கல்வி அமைச்சகம் ஆகியவை ஒப்பந்தம் செய்தன. சான்சிபார் அதிபர் உசேன் அலி முவின்யியும் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் உடனிருந்தனர். ஐ.ஐ.டி. ஒன்று வெளிநாட்டில் திறந்த முதல் வளாகம் இதுவே. சான்சிபாரின் பிவெலியோவில் உள்ள தற்காலிக வளாகத்தில், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட நான்காண்டு இளநிலைப் படிப்பும் ஈராண்டு எம்.டெக். படிப்பும் அவ்வாண்டே தொடங்கின. வளாகத்துக்குப் பொறுப்பேற்ற பிரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். சென்னை ஐ.ஐ.டி.யே 1959-இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு பிறந்த நிறுவனம் என்பதால், பெற்ற கை இப்போது கொடுக்கிறது என்ற மகிழ்ச்சி இயல்பானது.

சான்சிபார் அரசு கடல்சார் பொருளாதாரத்துக்கென்றே தனி அமைச்சகம் வைத்திருக்கிறது. மீன்பிடி, துறைமுகம், சுற்றுலா மூன்றும் அத்தீவின் வயிற்றுப்பாடு. அதற்கேற்ப வளாகத்தில் கடல்சார் கட்டுமானங்களுக்கான எம்.டெக். படிப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது. தீவு தனக்கு வேண்டும் என்று கருதும் துறையில் பாடம் அமைந்தது இந்த ஏற்பாட்டின் சிறந்த கூறு.