பேசிக்கிட்டே ஓடு! - மெதுவா ஓடக் கத்துக்கிட்ட வரலாறு

எனக்கும் ஓட்டத்துக்கும் எப்பவுமே ஏழாம் பொருத்தம். நாற்பதைத் தாண்டின பிறகு ஒருநாள், டாக்டர் என்னோட ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். அதுக்கப்புறம்தான் கட்டிலுக்கு அடியில இருந்த ஷூவைத் தேடி எடுத்தேன். முதல் நாளே என்னைத் தாண்டிப் போன காலேஜ் பசங்களோட ரோஷமா ஒரு ரவுண்டு. ரெண்டாவது ரவுண்டுல கண்ணுக்குள்ள பூச்சி பறந்துச்சு. மூணாவது வாரம் முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல வலி. ஷூ மறுபடியும் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. இப்படி ரெண்டு தடவை ஆரம்பிச்சு ரெண்டு தடவை நிறுத்தியாச்சு.

மூணாவது தடவை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் புத்தி வந்து, "எவ்வளவு வேகமா ஓடணும்?"ங்கிற கேள்வியை விட்டுட்டு, "எவ்வளவு மெதுவா ஓடலாம்?"னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தேடினா, அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறே இருக்கு மக்களே. அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல, லிடியர்டுக்கு முன்னாடி உலகம் எப்படி ஓடிக்கிட்டு இருந்ததுன்னு பார்த்துடலாம். 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர்னு ஒரு பயிற்சியாளர். குறிப்பிட்ட தூரத்தை வேகமா ஓடு, இதயத்துடிப்பு இறங்கற வரைக்கும் ஓய்வெடு, மறுபடி ஓடு - இதுதான் அவரோட முறை. அவரோட சீடர் ருடோல்ஃப் ஹார்பிக் 1939ல் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 நொடியில் ஓடி உலக சாதனை பண்ணினார். அப்புறம் வந்தார் செக்கோஸ்லோவாகியாவோட எமில் சாடோபெக். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடுவார், ராணுவ பூட்ஸ் போட்டுக்கிட்டுகூட ஓடுவார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான்னு மூணு தங்கம். 1954ல் நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓடின ரோஜர் பானிஸ்டரும் பத்துத் தடவை 440 கஜம்ங்கிற மாதிரியான பயிற்சிதான் பண்ணினார்.

ஆக, அந்தக் காலத்துப் பாடம் சுலபமானது: டிராக், ஸ்டாப்வாட்ச், வலி. வலிக்கலைன்னா அது பயிற்சியே இல்லை. இவ்வளவு பெரிய ஜாம்பவான்கள் சொன்னா யாரு மறுத்துப் பேசுவா?

மறுத்தவர் ஒரு ஷூ ஃபேக்டரித் தொழிலாளி. ஆர்தர் லிடியர்ட். 1917ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். உடற்பயிற்சிப் பட்டமெல்லாம் எதுவும் கிடையாது. ரெண்டாம் உலகப்போர் முடியற சமயம், தன்னை நல்ல திடகாத்திரமான ஆளுன்னு நினைச்சிக்கிட்டு இருந்தவரை, அவரோட கிளப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் அஞ்சு மைல் ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். நம்மாளுக்கு நாக்கு தள்ளிடுச்சு. இருபத்தெட்டு வயசுக்குள்ளயே இப்படின்னா, நாற்பத்தேழு வயசுல நான் என்ன ஆவேன்னு அவருக்கு பயம் வந்துடுச்சு. (இந்த இடத்துல எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.)

அடுத்த பத்து வருஷம் தன்னையே சோதனை எலியா வச்சிக்கிட்டார். குறைவா ஓடிப் பார்த்தார், அதிகமா ஓடிப் பார்த்தார், வாரத்துக்கு 250 மைல் வரைக்கும்கூட ஓடிப் பார்த்தார். வேகமா ஓடினா மறுநாள் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. ரொம்ப சோம்பலா ஓடினா முன்னேற்றமே இல்லை. நடுவுல ஒரு வேகம் இருந்தது. ஓடி முடிச்சதும் சுகமா ஒரு களைப்பு, ஆனா மறுநாளும் ஓட முடியற வேகம். அந்த வேகத்துல வாரத்துக்கு 100 மைல் ஓடறதுதான் தனக்கு ஒத்து வருதுன்னு கண்டுபிடிச்சார். 1953லயும் 1955லயும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன் ஆனார்.

அப்புறம் அக்கம்பக்கத்துப் பசங்க வந்து ஒட்டிக்கிட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை ஆனா வைடாகெரே மலைத்தொடரில் வையாடாருவா வழியா 22 மைல் ஓட்டம். மாரத்தான் ஓடறவன் மட்டும் இல்லை, 800 மீட்டர் ஓடறவனும் இந்த 22 மைலை ஓடணும். ரெண்டு நிமிஷம்கூட நீடிக்காத ஒரு பந்தயத்துக்கு எதுக்குய்யா ரெண்டு மணி நேரத்துக்கு மேல மலையேறணும்னு ஊரே சிரிச்சது.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சேர்ந்த பீட்டர் ஸ்னெல், வெளியுலகம் அதிகம் கேள்விப்படாத 21 வயசுப் பையன், 800 மீட்டரில் உலக சாதனையாளர் ரோஜர் முன்ஸைக் கடைசி நேரத்தில் முந்தி தங்கம் வாங்கினார். கொஞ்ச நேரத்துல, அதே மைதானத்துல, முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரில் தங்கம். சின்ன வயசுல ரக்பி விளையாட்டில் அடிபட்டு இடது கை சூம்பிப் போனவர் அவர். மூணு ரவுண்டு பாக்கி இருக்கும்போதே பிச்சிக்கிட்டுக் கிளம்பி, கடைசி வரை யாரையும் முந்த விடலை. எட்டு நாள் கழிச்சு, அபேபே பிகிலா வெறுங்காலோட ஜெயிச்சாரே, அதே மாரத்தானில் பாரி மெகி வெண்கலம். ஒரே ஊர், ஒரே ஷூ ஃபேக்டரிக்காரர், மூணு பதக்கம். சிரிச்ச ஊரு வாயை மூடிக்கிச்சு.

ஸ்னெல் 1964 டோக்கியோவில் 800, 1500 ரெண்டுலயும் தங்கம் வாங்கினார். சுவாரசியமான விஷயம் என்னன்னா, அவர் பின்னாடி அமெரிக்கா போய் உடற்பயிற்சி உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கி, டெக்சாஸில் ஆராய்ச்சியாளரா இருந்தார். தன் குரு அனுபவத்துல கண்டுபிடிச்சதை சீடர் அறிவியல்ல விளக்கினார். 800 மீட்டர் ஓட்டத்திலயே பாதிக்கு மேல சக்தி ஆக்ஸிஜனை வச்சுதான் கிடைக்குது. நிதானமான நீண்ட ஓட்டம் இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தத்தின் அளவைக் கூட்டுது. தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவையும் பெருக்குது. ஓட்டம் நீளும்போது முதல்ல உழைச்ச தசைநார்கள் களைச்சுப் போய், வேகத்துக்குன்னே இருக்கிற தசைநார்களையும் உடம்பு வேலைக்கு இழுத்துக்குது. அதாவது மெதுவா ஓடினாலும் வேகத் தசைக்கும் பயிற்சி கிடைச்சுடுது!

இப்ப எனக்குப் பிடிச்ச கட்டம். லிடியர்ட் சாம்பியன்களோட நிறுத்தலை. குண்டான, நடுத்தர வயசு, இதய நோய் வந்த சாதாரண ஜனங்களையும் ஓட விட்டார். 1962ல் ஆக்லாந்தில் ஜாகர்ஸ் கிளப் ஆரம்பமாச்சு. ஓடிக்கிட்டே பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும், இதுதான் சட்டம். அந்தச் சமயத்துல அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அங்க வந்தார். 51 வயசு, பெரிய பெரிய ஓட்டக்காரர்களை உருவாக்கினவர். வாங்க சும்மா ஒரு ரவுண்டு போலாம்னு கூப்பிட்டாங்க, போனார். மேடு வந்ததும் மனுஷனுக்கு மூச்சு முட்டிடுச்சு. கூட்டம் முன்னாடி போயிடுச்சு. எழுபதைத் தாண்டின, மாரடைப்பு வந்து பிழைச்ச ஒரு தாத்தா மட்டும் இவருக்குத் துணையா வேகத்தைக் குறைச்சிக்கிட்டு கதை பேசிக்கிட்டே கூட வந்தாராம். போவர்மேனால பதில் சொல்ல முடியலை!

அந்த அவமானத்தை அவர் வீணாக்கலை. ஊருக்குப் போய் பொதுமக்களுக்கு ஜாகிங் வகுப்பு ஆரம்பிச்சார். 1967ல் ஒரு இதய மருத்துவரோட சேர்ந்து 'ஜாகிங்'னு புத்தகம் போட்டார், லட்சக்கணக்கில் வித்தது. 1964ல் அவர் கூட்டாளியா இருந்து ஆரம்பிச்ச ஷூ வியாபாரம்தான் பின்னாடி நைக்கி ஆனது. நாம ஷூ மாட்டிக்கிட்டு ரோட்டுல இறங்கறதுக்குப் பின்னாடி அந்தத் தாத்தாவுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு நான் நினைச்சுக்குவேன்.

ஆனா கதை இங்க முடியலை. "வேகமா ஓடு"ன்னா உயிரை விடறது, "மெதுவா ஓடு"ன்னா தூங்கி வழியறது, இது மனுஷ சுபாவம். 1969ல் ஜோ ஹெண்டர்சன்ங்கிற அமெரிக்கர் நீண்ட தூரம் மெதுவா ஓடறதைப் பத்தி ஒரு குட்டிப் புத்தகம் எழுதினார். வலியில் வெறுத்துப் போனவங்களுக்கு அது மருந்தா இருந்தது. ஆனா லிடியர்ட் சொன்னதும் இதுதான்னு ஜனங்க முடிச்சுப் போட்டப்போ லிடியர்ட் ஒத்துக்கலை. அவரோட பசங்க மலையில் ஓடினது ஒரு திடமான, சீரான வேகம். அந்த அஸ்திவாரத்துக்கு மேல மேட்டு ஓட்டம், அப்புறம் டிராக், அப்புறம் பந்தயம்னு படிப்படியா கட்டினார். மெதுவா ஓடறது அஸ்திவாரம்தான், வீடு இல்லை.

சரி, அந்த நடு வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது? இதுக்கு எண் கொடுத்தவர் ஜாக் டேனியல்ஸ். 1956, 1960 ஒலிம்பிக்கில் நவீன பென்டத்லானில் பதக்கம் வாங்கி, அப்புறம் உடலியல் படிச்சவர். 1998ல் வந்த அவரோட புத்தகம் ரொம்பப் பிரபலம். உன்னோட சமீபத்திய பந்தய நேரத்தைச் சொல்லு, பயிற்சி வேகத்தை நான் சொல்றேன்ங்கிறது அவரோட முறை. ஆசைப்படற நேரம் இல்லை, நிஜமா ஓடின நேரம். (இங்கதான் நம்மள்ல பாதிப்பேர் கோட்டை விடறோம்.) நிதான ஓட்டத்துக்கு அதிகபட்ச இதயத்துடிப்பில் 65லிருந்து 79 சதவீதம்னு அவர் கணக்கு. உதாரணமா 5 கிலோமீட்டரை 25 நிமிஷத்துல ஓடறவர், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிஷம், நிதான ஓட்டத்தை கிலோமீட்டருக்கு ஆறேகால்லேர்ந்து ஏழு நிமிஷம் வரைக்கும் ஓடினா கிட்டத்தட்ட சரியா இருக்கும். நீண்ட ஓட்டமும் அதே நிதான வேகம்தான், நேரம்தான் கூடுதல். அதுக்கும் ஒரு கடிவாளம் போட்டார்: வாரத்தின் மொத்த தூரத்துல 25-30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல போகவும் கூடாது.

2000களில் நார்வேயில் வேலை பார்த்த ஸ்டீஃபன் சைலர்ங்கிற ஆராய்ச்சியாளர், சிறந்த விளையாட்டு வீரர்கள் பயிற்சியை எப்படிப் பிரிச்சுக்கறாங்கன்னு அலசினார். சுமாரா ஐந்தில் நாலு பங்கு நிதானம், மீதிதான் கடினம். சாம்பியன்களே பெரும்பாலான நாள் மெதுவாத்தான் ஓடறாங்க. எல்லா நாளும் மூச்சு வாங்க ஓடறது என்னை மாதிரி ரோஷக்காரங்கதான்.

இதையெல்லாம் படிச்சப்புறம் எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். மெதுவா ஓடறதுக்குக் கால்ல பலம் வேண்டாம், மனசுல பலம் வேணும். எல்லாரும் தாண்டிப் போவாங்க, அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். சாடோபெக்கோட வலியைத் தாங்கறதுகூட ஒரு வகையில் சுலபம். நம்ம வயசும் நம்ம மூச்சும் இன்னிக்கு என்ன சொல்லுதோ அதை ஒத்துக்கறதுதான் கஷ்டம். வெயில் கூடினா அதே மூச்சுக்கு வேகம் இன்னும் குறையும், அதையும் ஒத்துக்கணும்.

மூணாவது தடவை ஆரம்பிச்சு இப்ப ஏழு மாசம் ஆச்சு. போன வாரம் மைதானத்துல நடந்துக்கிட்டு இருந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, நடக்கறீங்களா ஓடறீங்களா?"ன்னு கிண்டலா கேட்டார். முன்னாடியா இருந்தா ரோஷத்துல பிச்சிக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப நிக்காம, "ஓடத்தான் சார் செய்யறேன், டாக்டர் சொன்னாரு, சாயங்காலம் வாங்க உக்காந்து பேசலாம்"னேன்.

ஒரே மூச்சுல, முழு வாக்கியம். அதுதான் சரியான வேகம் :-)

பி.கு.: இதயக் கோளாறு, சர்க்கரை இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. லிடியர்ட் 2004 டிசம்பரில், 87 வயசுல, அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருக்கும்போது காலமானார். கடைசி வரைக்கும் மெதுவா ஓடச் சொல்லிக்கிட்டேதான் இருந்தார். உங்க ஓட்ட அனுபவத்தையும் சொல்லிட்டுப் போங்க.