மெழுகில் எழுதிய மெட்டு – 9: கார்னெட்காரனுக்கு ஒரு வாரம்

ஹோகி கார்மைக்கேல் 'ஸ்டார் டஸ்ட்' மெட்டை முதன்முதலாக இசைத்தட்டில் ஏற்றிய 1927 அக்டோபர் 31-க்குத்தான் இந்த வாரம் வந்திருக்க வேண்டும். இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில், ஸ்டார் பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்த ஜெனட் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் போன வாரம் நின்றோம். உள்ளே போகுமுன் அதே வாசலுக்கு 1924 மே 6 அன்று வந்த 21 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்துவிடுவோம். பிக்ஸ் பைடர்பெக். கையில் கார்னெட்.

அந்தக் கூடத்தில் அப்போது மைக் கிடையாது. எல்லோரும் பெரிய புனல் போன்ற குழலின் முன் கூட்டமாக நின்று வாசிக்க வேண்டும். சத்தமான வாத்தியம் பின்னால், மென்மையானது முன்னால். காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒருவர் பிசகினாலும் அந்தத் தட்டு வீண், மறுபடி முதலிலிருந்துதான். பக்கத்திலேயே தண்டவாளம் வேறு. ரயில் வந்தால் அது கடந்து போகும்வரை வேலை நிற்கும். முந்தைய ஆண்டு ஏப்ரலில் கிங் ஆலிவரும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் இங்கேதான் வாசித்துவிட்டுப் போனார்கள். கறுப்பர்களின் இசையைப் பதித்த இதே கம்பெனி, கு க்ளக்ஸ் க்ளான் கும்பலுக்கும் காசு வாங்கிக்கொண்டு தட்டுப் போட்டுக் கொடுத்தது. வியாபாரம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

பிக்ஸின் குழுவுக்கு உல்வரைன்ஸ் என்று பெயர். அன்று அவர்கள் பதித்ததில் ஒன்று 'ரிவர்போட் ஷஃபிள்'. ஹோகி போட்ட மெட்டு, தட்டில் ஏறிய அவருடைய முதல் மெட்டு. ஹோகி அப்போது புளூமிங்டனில் இண்டியானா பல்கலைக்கழக மாணவர். அந்த வசந்தத்தில் இந்தக் குழுவைக் கல்லூரி நடன விருந்துகளுக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். மெட்டுக்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரீ வீலிங்'. பெயரைக் குழு மாற்றிவிட்டது. பின்னாளில் பதிப்பாளர் ஏர்விங் மில்ஸின் பெயரும் அதில் இசையமைத்தவர்கள் வரிசையில் ஏறிக்கொண்டது. ட்யூக் எலிங்டனின் பாடல்களிலும் இதே கைவரிசைதான். இந்தத் தொடரில் வில்லன் யார் என்று கேட்டால் தயங்காமல் மில்ஸைக் காட்டுவேன்.

பிக்ஸ் ஐயோவா மாநிலத்து டாவன்போர்ட்காரன், மிசிசிப்பிக் கரை ஊர். கார்னெட்டைத் தானாகவே கற்றுக்கொண்டவன். அதனால் எந்த ஸ்வரத்துக்கு எந்த வால்வு என்ற பாட முறையெல்லாம் அவனிடம் செல்லாது. குறிப்புத் தாளைப் படிப்பதில் கடைசிவரை தடுமாற்றம். வீட்டாருக்கு ஜாஸ் என்றாலே வேப்பங்காய். அவன் அனுப்பிய தட்டுகள் வீட்டு அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தன என்று ஒரு கதை உண்டு. ஆம்ஸ்ட்ராங் உச்சஸ்தாயியில் ஏறி நின்று உலகத்தையே கூப்பிடுவார். இவனோ நடுஸ்தாயியை விட்டு அதிகம் நகராமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுத்தமாக, அசைக்காமல் வைப்பான். அவசரமே இருக்காது. ஆம்ஸ்ட்ராங்தான் பெரியவர், சந்தேகமில்லை. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு மேல் நான் தேடுவது பிக்ஸைத்தான்.

அந்த வாசிப்பு ஹோகியின் காதில் தங்கிவிட்டது. அவருடைய மெட்டுகளைப் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குரல் எதிர்பாராத இடத்தில் தாவும், தொண்டை தயங்கும். அவை கார்னெட் வளைவுகள். 'ஸ்டார் டஸ்ட்' முதல் தட்டில் வார்த்தையே இல்லை. மிட்செல் பாரிஷின் வரிகள் 1929-இல்தான் வந்து சேர்ந்தன.

பிக்ஸைத் தின்றது சாராயம். மதுவிலக்குக் காலத்துச் சாராயம் வேறு, என்ன கலந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? உடம்பு தளர்ந்த பிறகும் ஹோகி அவனை விடவில்லை. 1930 மே 21, நியூயார்க், 'ராக்கிங் சேர்' பதிவு: பிக்ஸுடன் பென்னி குட்மன், டாமி டார்சி, ஜீன் க்ரூபா, எலிங்டனிடமிருந்து விலகிய கறுப்பினக் கலைஞர் பபர் மைலியும் கூட. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தட்டில் வாசிப்பது அன்று அபூர்வம். செப்டம்பர் 15 அன்று 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்'. ஹோகியே பாடினார், பிக்ஸும் வாசித்தான். அவன் கலந்துகொண்ட கடைசிப் பதிவு அது. 1931 ஆகஸ்ட் 6 அன்று, 28 வயதில், நியூயார்க்கில் இறந்தான். 1938-இல் பிறந்த மகனுக்கு ஹோகி வைத்த பெயர் ஹோகி பிக்ஸ்.

இத்தனைக்கும் அந்த அக்டோபர் 31 அன்று ஜெனட் கூடத்தில் பிக்ஸ் இல்லை. அந்த மாதக் கடைசியில்தான் பால் வைட்மனின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்திருந்தான். ரிச்மண்டுக்கு வந்தவர்கள் எமில் சைடல் குழுவின் ஆட்கள். லேபிளில் 'ஹோகி கார்மைக்கேல் அண்ட் ஹிஸ் பால்ஸ்'. அவர்கள் அந்த மெட்டை எவ்வளவு துள்ளலாக வாசித்தார்கள், 1930-இல் ஐஷம் ஜோன்ஸ் அதை எப்படி மெதுவாக்கிக் காதல் பாட்டாக்கினார் என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)